மிதுளாவின் லத்தீன் கொப்பி

மகளே,

இதை நின்றுகொண்டு வாசிக்காதே. ஒரு கையில் ஒட்டுநாடாவும் மறு கையில் இந்தக் கடிதமுமாக நிற்பாய் என்று எனக்குத் தெரியும். பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓரிடத்தில் இரு. வெள்ளிக்கிழமை காலையில் நீங்கள் மூன்று பேரும் ஸ்தவாங்கருக்கு ரயில் ஏறுகிறீர்கள். திங்கட்கிழமை என் பேத்தி மிதுளாவை அங்குள்ள பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடப்போகிறாய். வீட்டுப் படிப்பும் முடிந்தது, லத்தீனும் முடிந்தது என்று போன கிழமை சொன்னாய். "அவளுக்கே விருப்பமில்லையப்பா, நான் ஆருக்காக மாரடிக்கிறது?" என்று கேட்டாய். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லாமல் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது கிழமையாக, இரண்டு மாதத்துக்கு மேலாக, இப்படித்தான் இருக்கிறேன்.

நேரில் சொல்ல மூன்று தரம் வெளிக்கிட்டேன். முதல் தரம் தொலைபேசியில். "கெதியாச் சொல்லுங்கோ அப்பா, மருந்துக்கடையிலை சனம் நிக்குது" என்றாய், வைத்துவிட்டேன். இரண்டாம் தரம் கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில். இயந்திரத்தின் சத்தத்தில் "என்ன, என்ன?" என்று நீ கத்த, "ஒண்டுமில்லை" என்று கத்திவிட்டு மேலே ஏறி வந்தேன். மூன்றாம் தரம் உன் வீட்டு வாசல் மட்டும் வந்து, மணியை அமத்தாமல் திரும்பினேன். முப்பது வருடம் ஒஸ்லோ பனியில் பேருந்து ஓட்டினவன், ஒரு மணியை அமத்தப் பயந்து வந்தேன் என்று உன் அம்மாவுக்குச் சொன்னபோது, "வெக்கமில்லையே? அப்ப எழுதிக் குடுங்கோ" என்றாள். எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். எப்படித் தெரியவந்தது என்பதும் எனக்குத் தெரியும். அதற்கும் வருகிறேன்.

எங்கே தொடங்கியது என்பதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் தொடக்கத்திலும் நான்தான் நிற்கிறேன். முதலாம் வகுப்பில் அம்மாமாருக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள். மிதுளா 'அன்புள்ள அம்மா' என்று எழுதி எழும்பி நின்று வாசித்தாள். அந்த 'அன்புள்ள' என்ற நொர்வேஜியச் சொல் நாக்கை அண்ணத்தில் மெல்ல உரசிக்கொண்டு வரவேண்டியது. கொஞ்சம் தடித்து 'ஷ்' என்று வந்தால் அது கறுப்பும் வெள்ளையுமாகக் குப்பைத்தொட்டி கிண்டுகிற அந்தக் குருவியின் பெயராகிவிடும். மிதுளா 'குருவி அம்மா' என்று வாசித்தாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஆசிரியை நல்ல மனுசி, அதட்டி அடக்கினார். ஆனால் சிரித்தது சிரித்ததுதான். அந்த 'ஷ்' எங்கிருந்து வந்தது? நீ வேலைக்குப் போன பின்னேரங்களில் அவளை இரண்டு வயதிலிருந்து பார்த்தது நான். பேருந்தில் ஆயிரம் பேருக்கு நான் சொன்ன 'ஷ்' அது. ஒருவரும் என்னைத் திருத்தவில்லை, கேட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். அவளுக்கு ஆறு வயதில் என் பிழைக்குச் சிரிப்பு விழுந்தது. அதற்குப் பிறகு எட்டு மாதம் அவள் வீட்டுக்கு வெளியே வாய் திறக்கவில்லை.

அவளைப் பள்ளிக்கூடத்தால் எடுத்து வீட்டில் படிப்பிக்கப் போகிறேன் என்று கொம்யூனுக்கு, அந்த நகரசபைக்கு, நீ எழுதியபோது நான் துள்ளினேன். "உனக்கென்ன விசரே? ஊருலகத்திலை இல்லாத வேலை! நாளைக்கு வந்து பிள்ளையை ஏன் பூட்டி வைச்சிருக்கிறாய் எண்டு கேட்டால்?" என்று ரொம்மன் குடியிருப்பு முழுக்கக் கேட்கக் கத்தினேன். அன்றைக்கே என் வாயை நான் அடக்கியிருந்தால், பிறகு அவ்வளவு பயம் எனக்குள் ஊறியிருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு தோயன் பூங்காவுக்குப் போனோமே, அந்த ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு செடிக்குப் பக்கத்திலும் ஒரு சின்னப் பலகை, அதில் லத்தீன் பெயர். சுற்றிவர வெள்ளைக்காரச் சனம், தள்ளுவண்டிகள், நாய்கள். மிதுளா ஒரு பலகைக்கு முன்னால் குந்தியிருந்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். சத்தமாக. பிறகு அடுத்த பலகை, அதற்கு அடுத்தது. ஒரு கிழவர் நின்று, "நீ சொன்னால்தான் எனக்கும் தெரியுது, நான் இதுகளை வாசிக்கிறதேயில்லை" என்றார். அவள் அவருக்கு இன்னும் நாலு வாசித்துக் காட்டினாள். நீ என் கையைப் பிடித்து நசித்த நசியில் என் மோதிரம் இறுகிவிட்டது. வீட்டுக்கு வரும்போது, "லத்தீன் படிப்பிக்கப் போறன்" என்றாய்.

"லத்தீனோ? அதை இப்ப ஆர் கதைக்கிறது?"

"ஒருத்தரும் கதைக்கிறேல்லை அப்பா. அதுதான்."

அந்த 'அதுதான்' எனக்கு விளங்க மூன்று மாதம் எடுத்தது.

உன் சாப்பாட்டு மேசைக்கு மூன்று விதமான பாடப்புத்தகங்கள் வந்து சேர்ந்தன. ஒன்று அமெரிக்காவிலிருந்து, வீட்டில் படிப்பிக்கிறவர்களுக்கென்றே செய்த பெட்டி. மினுமினுத்த அட்டை, பாட்டு, முதல் நாள் காலையில் நீ வாய் திறந்து என்ன சொல்ல வேண்டும் என்பது வரைக்கும் எழுதிய வழிகாட்டி. ஆனால் ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் ஒரு செபம். இரண்டாவது இங்கிலாந்தில் அச்சிட்ட பழைய இலக்கணம், பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை. மூன்றாவது படக்கதைப் புத்தகம், பழைய ரோமாபுரியில் ஒரு பணக்கார வீடு, அடிமைகள், ஒரு பக்கத்தில் தடியோடு எசமான். நீ ஒவ்வொன்றாகப் புரட்டிப் புரட்டிக் குழம்பினாய். "செபத்தை நான் எப்பிடி விளங்கப்படுத்திறது? அட்டவணையைக் கண்டால் இவள் எழும்பி ஓடுவாள். இந்த ஆளுக்கு ஏன் அடிக்கிறான் எண்டு கேட்டால் ஏழு வயசுக்கு என்ன சொல்ல?" அதோடு மூன்றும் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்துகிற புத்தகங்கள், அவளுக்கு ஆங்கிலம் வராது. உச்சரிப்புக்கூட ஒத்துப்போகவில்லை. வானம் என்ற சொல்லை அமெரிக்கப் பெட்டி 'சேலும்' என்றது, மற்றது 'கைலும்' என்றது.

"எது சரி?" என்றேன்.

"ரெண்டும் சரி. பிழையெண்டு சிரிக்க ஆளில்லை அப்பா."

நான் அமெரிக்கப் பெட்டிக்காகத்தான் வாதாடினேன். "அச்சடிச்சது. அழகாயிருக்கு. ஆரும் வந்து பார்த்தாலும் மதிப்பாயிருக்கும்" என்றேன். வந்து பார்க்கிறவருக்காகப் புத்தகம் தெரிவுசெய்கிற புத்தி என்னுடையது. நீ பிள்ளையைப் பார்த்துத் தெரிவுசெய்தாய். மூன்றையும் ஒதுக்கிவிட்டு, படக்கதையிலிருந்து சின்னச் சின்ன வசனங்களை மட்டும் எடுத்து, ஒரு சதுரக் கோட்டுக் கொப்பியில் நீயே எழுதத் தொடங்கினாய். இடப்பக்கம் லத்தீன், வலப்பக்கம் தமிழ். நொர்வேஜிய மொழியில் விளங்கப்படுத்திப் பார்த்துக் களைத்துப் போய்த்தான் தமிழுக்கு வந்தாய். யார் யாரைப் பார்த்தார் என்பதை அந்த மொழி சொல்லின் இடத்தை வைத்துத்தான் சொல்லும். லத்தீனும் தமிழும் அப்படியில்லை, சொல்லின் வாலைப் பார்த்தால் போதும். ரோசா என்றால் ரோசாப்பூ, ரோசாவை என்றால் 'ரோசம்'. "சிறுமிக்கு ரோசம் பிடிக்கும்" என்று மிதுளா வாசித்தபோது நீ மேசையில் தலையை வைத்துச் சிரித்தாய். "எங்கடை வீட்டுப் பெட்டையளுக்கு அது கூடத்தான் பிடிக்கும்" என்று நான் சொல்ல, அவள் ரோசம் என்றால் என்ன என்று கேட்டு, விளங்கி, தானும் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரிக்கிறவர்களின் பக்கத்தில் இருந்தாள்.

அந்தக் கிழமை எனக்கு அழைப்பு எடுத்தாய். "அப்பா, அந்த எட்டு வேற்றுமையும் ஒருக்காச் சொல்லுங்கோ." நான் சொல்லத் தொடங்க, இரண்டாவதிலேயே நீ முந்திக்கொண்டு எட்டையும் ஒப்புவித்தாய். உனக்கு என் உதவி தேவைப்படவில்லை. நீ ஒப்புவித்த வேகம் எனக்குத் தெரிந்த வேகம். பதினொரு வயதில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிச் சோதனைக்கு முதல், மேசைக்கு அந்தப் பக்கம் நீயும் இந்தப் பக்கம் கோடு போடுகிற அடிமட்டத்தோடு நானும். நாலாம் வேற்றுமையில் தடக்கினாய் என்று உன் விரல் மொழியில் அடித்தேன். நீ முதற்பரிசு வாங்கினாய். கிண்ணத்தைத் தொலைக்காட்சிக்கு மேல் வைத்து வருகிற சனத்துக்கெல்லாம் காட்டினேன். அதற்குப் பிறகு நீயாக ஒரு தமிழ்ப் புத்தகம் எடுத்து வாசித்ததை நான் காணவில்லை. அதை நான் கவனிக்கவுமில்லை. கிண்ணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இலக்கணத்தைத்தான் நீ அடியில்லாமல், அதட்டலில்லாமல் உன் பிள்ளைக்குக் கொடுத்தாய். எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. மேற்பார்வைக்குக் கொம்யூனிலிருந்து ஆசிரியை வருகிறார் என்று மேசையை ஒழுங்குபடுத்தினாய். கணக்கு, நொர்வேஜிய வாசிப்பு, எல்லாம் அடுக்கி, நடுவில் மிதுளாவின் லத்தீன் கொப்பி. வெளிக் கதவைத் திறந்துவிட நீ கீழே இறங்கினாய். மருமகன் வேலையில். நானும் மிதுளாவும் மட்டும். மாடிப்படியில் அந்நியக் குரல் கேட்டது. மகளே, இதை எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியவில்லை. எனக்கு இருபது வயதில், ஊரில் ஆமிக்காரர் வீடு சோதனை போட வருகிறார்கள் என்றால் எங்கள் வீட்டில் நாங்கள் முதலில் தேடி ஒளிப்பது கையால் எழுதிய தாள்களைத்தான். அச்சடித்தது கிடக்கலாம், கையெழுத்து கிடக்கக் கூடாது. என்ன எழுதியிருக்கிறது என்பதே முக்கியமில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் என் கண்ணில் பட்டது ஒரு கையெழுத்துக் கொப்பி, பாதி தமிழ். பிள்ளைக்கு நொர்வேஜியம் படிப்பிக்காமல் தமிழில் என்னவோ செய்கிறார்கள் என்று எழுதிவிடுவார்கள் என்று தோன்றியது. யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது. கொப்பியை எடுத்து உன் குசினிக்குள் போய் அரிசி வாளிக்குள் தாட்டேன். அமெரிக்கப் பெட்டியைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்தேன்.

வாளியை மூடிவிட்டுத் திரும்ப, குசினி வாசலில் மிதுளா நின்றாள். பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாயில் விரலை வைத்து, "ஸ்ஸ்" என்றேன். எட்டு மாதம் பூட்டிக் கிடந்து இப்போதுதான் திறந்த வாய்க்கு.

மிச்சம் உனக்குத் தெரியும், ஆனால் நீ பார்த்த பக்கத்திலிருந்துதான் தெரியும். ஆசிரியை நல்ல மனுசி, வெள்ளைத் தலை, மெல்லிய குரல். பெட்டியைத் திறந்தார், முதற் பக்கத்தில் செபம். "இது சமயப் படிப்பா?" என்று கேட்டார். நீ, "இல்லை, இதை நாங்கள் பாவிக்கிறதேயில்லை, எங்களிட்டை ஒரு கொப்பி இருக்கு" என்று தேடினாய். அடுக்கைக் குலைத்தாய், மேசைக்குக் கீழே குனிந்தாய். ஆசிரியை மிதுளாவைப் பார்த்து, "நீ எனக்கு லத்தீனில் ஏதாவது சொல்லுவியா?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணைத் தாழ்த்தினேன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஏதாவது சொல்லி உதவி செய்ய வேண்டும் என்று நினைத்தேன். 'பாவம் பிள்ளை, பயப்படுது' என்றுதான் என் மனதில் வந்தது. நாங்கள் எதற்குப் பாவம் சொல்ல மாட்டோம்? மழையில் நனைந்த பூனையும் பாவம், நித்திரை கொள்கிற பிள்ளையும் பாவம், வெள்ளன எழும்பி வேலைக்குப் போகிறவனும் பாவம். கூச்சத்துக்கும் பயம் என்றுதான் சொல்வோம். அதை அப்படியே நொர்வேஜியத்தில் சொன்னேன். "ஸ்டக்கர்ஸ் பார்ன், அவள் பயந்துபோயிருக்கிறாள்." அந்த மொழியில், அந்த மேசையில், அந்தக் கேள்விக்குப் பிறகு, அது வேறு கதையாகிவிட்டது. ஆசிரியை பேனையைக் கீழே வைத்தார்.

"யாருக்குப் பயந்துபோயிருக்கிறாள்?"

"இல்லை, இல்லை, எங்கள் மொழியில் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வது" என்று நான் உளற உளற அவர் பேனையைத் திரும்ப எடுத்து எழுதிக்கொண்டே போனார். அன்றைக்குப் பின்னேரம் மருமகன், "விடுங்க மாமா, எங்க திருச்சியிலயும் எல்லாரையும் பாவம்னுதான் சொல்லுவோம்" என்று சொன்னார். பிரச்சினை அந்தச் சொல் மட்டும் என்று அவர் நினைத்தார். நீயும் அப்படித்தான் நினைத்தாய். அடுத்த தரமும் இப்படியென்றால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டிவரும் என்று கடிதம் வந்தது. அதற்குள் மருமகனுக்கு ஸ்தவாங்கரில் வேலை வந்தது.

ஆசிரியை போனதும் நீ மிதுளாவின் தோளைப் பிடித்தாய். "கொப்பியை எங்கை வைச்சனி? நீதானே ஒளிச்சனி? லத்தீன் விருப்பமில்லையெண்டால் வாயாலை சொல்லு! ஏன் என்னை இப்பிடி அவமானப்படுத்தினனி?" நீ அழுதுகொண்டு கேட்டாய். அவள் தன் காலுறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு விரலை நீட்டி என்னைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. நான் மூன்றடி தள்ளி நின்றேன். "பிள்ளையை விடு, நான்தான்" என்று மூன்று சொல் சொல்லியிருக்கலாம். நான் மேலங்கியைப் போட்டேன். நீ அவளோடு அறைக்குள் போன நேரம் பார்த்து, வாளியிலிருந்து கொப்பியை எடுத்து மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஒரு ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் என் களவை வைத்துவிட்டு நடந்து போனேன், மகளே. அதை வேறு விதமாக எழுதலாமா என்று பார்த்தேன், முடியவில்லை.

அவள் ஏன் சொல்லவில்லை? என் மேல் அன்பு என்று நினைத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் அப்படியில்லை என்று நினைக்கிறேன். நான் 'ஸ்ஸ்' என்றேன், அவள் சொல் கேட்கிற பிள்ளை, அவ்வளவுதான். நீ புத்தகங்களை யாருக்கோ கொடுத்துவிட்டாய். அவள் பலகைகளை வாசிப்பதை விட்டாள். போன கிழமை தொடருந்தில் ஒரு விளம்பரத்தைக் காட்டி, வாசிக்கிறாயா என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று.

வீட்டிலா பள்ளிக்கூடத்திலா என்பது உன் முடிவு. நல்ல ஆசிரியர் கிடைத்தால் பள்ளிக்கூடமும் நல்லதுதான். நான் இனி அதில் வாய் வைக்க மாட்டேன். ஆனால் பிள்ளைக்கு லத்தீன் விருப்பமில்லை என்று நீ எடுத்த முடிவு என் பொய்யின் மேல் எடுத்த முடிவு. அதை மட்டும் திரும்ப எடு. இனி ஒரு புத்தகம் தெரிவுசெய்தால் அன்றைக்குச் செய்த மாதிரியே செய், அவளைப் பார்த்து. வாசலில் யார் வந்து நிற்கிறார்கள் என்று பார்த்துத் தெரிவுசெய்யாதே. அந்தப் பழக்கம் என்னோடு போகட்டும்.

நேற்றுப் பின்னேரம் நீ அவளை இங்கே விட்டுப் போனாயல்லவா? உன் அம்மாவின் முன்னால் கொப்பியை எடுத்து அவளுடைய கையில் கொடுத்தேன். தாள்களுக்குள்ளிருந்து நாலைந்து அரிசி விழுந்தது. "நான் செய்தது பிழை. உனக்கு ஏச்சு விழ விட்டிட்டன். என்னை மன்னிச்சுக்கொள்" என்றேன். பேரப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. அவள் அரிசியைப் பொறுக்கி மேசையில் வைத்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இனி அம்மாட்டைச் சொல்லலாமோ, அம்மப்பா?"

"ஓம்" என்றேன். கொப்பி இப்போது அவளுடைய பைக்குள் இருக்கிறது. எடுக்காதே, தேடாதே. என்னை நீ எப்போதும் ஏசலாம், ஸ்தவாங்கரிலிருந்தும் ஏசலாம், நான் தொலைபேசியை வைக்காமல் முழுக்கக் கேட்பேன். ஆனால் முதலில் அவள் உன்னிடம் சொல்ல வருவாள். இன்றைக்கோ நாளைக்கோ, சாமான்களுக்கு நடுவில், நீ அவசரமாக நிற்கிற நேரமாகப் பார்த்து வருவாள். கையில் இருப்பதைக் கீழே வை. தமிழில் சொன்னாலும் சரி, நொர்வேஜியத்தில் சொன்னாலும் சரி, எந்தச் சொல்லையும் திருத்தாதே. 'எனக்குத் தெரியும், அம்மப்பா எழுதினவர்' என்று சொல்லிவிடாதே. அவளிடம் மன்னிப்பை அதற்குப் பிறகு கேள். அவள் சொல்லி முடிக்கும் வரைக்கும் நீ வாய் திறக்காதே.

அப்பா